ஆச்சியின் அலமாரி

நம் வீட்டுச் சாமான்களில் பாதிக்குப் பெயர் கப்பலில் வந்தது என்றால் நீங்கள் நம்புவீர்களா? மேஜை, ஜன்னல், சாவி, அலமாரி ஆகிய நான்கும் போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். பீரோ பிரெஞ்சுக்காரனுடையது. நாற்காலி ஒன்றுதான், நான்கு கால்களோடு, அசல் தமிழில் நிமிர்ந்து நிற்கிறது!

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் வந்து தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நம் பாட்டிகளின் பாட்டிகள் சேலை துணிமணிகளை எங்கே வைத்தார்கள்? பெட்டியில் வைத்தார்கள், பேழையில் வைத்தார்கள். நெல்லுக்குப் பத்தாயம், விளக்குக்கு மாடக்குழி, ஊறுகாய் ஜாடிக்குப் பரண். நெட்டையாக நிமிர்ந்து நின்று, இரண்டு கதவுகளை வைத்துக்கொண்டு, 'என்னைத் திற' என்று அழைக்கிற பண்டம் மட்டும் வெளியூர்ச் சரக்கு.

ஆனால் அந்த வெளியூர்ச் சரக்கு நம் தச்சர் கையில் அகப்பட்டபோது என்ன ஆயிற்று தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சேரன்மாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் வீடு இருக்கிறது. அந்த வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அலமாரி. 1951-ல் ஆச்சி கல்யாணமாகி வந்து இறங்கியபோதே அது அங்கே நின்றதாம். ஆச்சியின் மாமியாருக்கும் அது எப்போது வந்தது என்று சரியாகத் தெரியாதாம்.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். தேக்கு மரம். நெற்றியில் கிரீடம் வைத்தாற்போல் ஒரு வளைவு. அதன் நடுவே கஜலட்சுமி, இரு பக்கமும் யானைகள். இரண்டு கதவுகளிலும் மாங்கொத்தைக் கவ்விக்கொண்டு ஆளுக்கொரு கிளி. ஓரங்களில் கயிறு முறுக்கினாற்போல் இரண்டு தூண்கள். வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுச் சாமான்களுக்குக் காலில் சிங்கப் பாதம் வைப்பது வழக்கம். எங்கள் ஊர்த் தச்சரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, 'இதென்ன பிரமாதம்!' என்று யாளியின் பாதத்தை வைத்துவிட்டார். உருவம் சீமையிலிருந்து வந்ததுதான். ஆனால் உச்சியில் லட்சுமியும் அடியில் யாளியுமாக அது நம் வீட்டுப் பெண்ணாகிவிட்டது.

அந்த அலமாரியில்தான் ஆச்சியின் கூறைப் புடவை இருந்தது. பிள்ளைகளின் ஜாதகங்கள், நிலத்துப் பத்திரங்கள், எங்களுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த கருப்பட்டி மிட்டாய் எல்லாம் இருந்தன. திறந்தால் ஒரு மணம் வரும். கற்பூரமும் பழந்தேக்கும் பழைய பட்டும் கலந்த மணம் அது.

ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும்போது ஓட்டு வீட்டை யார் காப்பது? நிலத்தை நான்காகப் பிரிக்கலாம், பாத்திரங்களைப் பிரிக்கலாம், நகையை எடைபோட்டுப் பிரிக்கலாம். அலமாரியை எப்படிப் பிரிப்பது? மாமாவின் அடுக்குமாடி வீட்டில் அது படியேறாது. எங்கள் வீட்டில் கூரை இடிக்கும். மைனி ரொம்பவும் நியாயமாக ஒரு கேள்வி கேட்டாள்: "கரையான் பிடித்த சாமானைக் கொண்டுபோய் நல்ல சாமானையும் கெடுக்கவா?"

அப்போது பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் தட்டினார். அடிப்பலகையில் கரையான் அரித்திருந்த இடத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் நாற்பதாயிரம் ரூபாய் என்றார். "பெட்டி வேண்டாம்மா. கதவு ரெண்டும் அந்த லட்சுமியும் போதும். கண்ணாடிச் சட்டமாக்கி ஓட்டலில் மாட்டுவாங்க" என்றும் சொன்னார். மாமா தலையாட்டத் தயாராகிவிட்டார். சித்தி மட்டும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பாளையங்கோட்டையில் இருக்கும் சித்திதான் கடைசிவரை ஆச்சியைப் பார்த்துக்கொண்டவள்.

அந்த வாரம் தற்செயலாக ஒன்று நடந்தது. நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு அலமாரியின் படத்தைச் செல்போனில் அனுப்பியிருந்தேன். அவள் உடனே கூப்பிட்டாள். "அக்கா, விற்காதே! இங்கே மியூசியத்தில் இந்த மாதிரி அலமாரிக்குக் கயிறு கட்டிக் காவல் போட்டிருக்கிறார்கள்!"

அப்புறம்தான் நான் அமெரிக்க அலமாரிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அடேயப்பா! அந்த ஊரில் பழைய அலமாரிக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூபோர்ட் என்று ஒரு துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கோடார்டு, டவுன்சென்ட் என்று இரண்டு தச்சர் குடும்பங்கள் இருந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்தவர்கள். நம் ஊர் ஆசாரிமார் போலத்தான். மகோகனி மரத்தில் அவர்கள் செதுக்கிய கடற்சிப்பி வடிவங்கள் பெயர்பெற்றவை. நிக்கோலஸ் பிரௌன் என்ற வர்த்தகருக்காக நியூபோர்ட்டில் செய்யப்பட்ட, எழுது மேஜையும் புத்தக அலமாரியும் சேர்ந்த சாமான் ஒன்று 1989-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. என்ன விலைக்குப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஒரு கோடியே இருபத்தொரு லட்சம் டாலர்! ரூபாய் இல்லை, டாலர். அந்தப் பணத்தைக் கொண்டு அந்தக் குடும்பத்தின் பழைய வீட்டையே பழுது பார்த்தார்கள். இங்கே வீடு விற்கும்போது அலமாரி கூடவே போகிறது. அங்கே அலமாரி போய் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏன் அந்த விலை? மரத்துக்காகவா? செதுக்கு வேலைக்காகவா? இரண்டுக்கும்தான். ஆனால் இன்னொன்றும் உண்டு. இது இன்ன பட்டறை வேலை, இன்ன குடும்பத்துக் கை என்று அவர்களால் சொல்ல முடிகிறது. தச்சருக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால் விலையும் இருக்கிறது.

இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அந்த மகோகனி மரங்களை மேற்கிந்தியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டுக்குள் புகுந்து வெட்டிச் சாய்த்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்கள் பெயர் எந்த ஏலப் புத்தகத்திலும் இல்லை.

தங்கை சொன்ன இன்னொரு செய்திதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நியூயார்க்கில் எஃகு அரசர் ஆண்ட்ரூ கார்னகி கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது. இப்போது அது கூப்பர் ஹெவிட் என்ற பொருட்காட்சி சாலை. அதில் கார்னகி குடும்பத்தின் நூலக அறையைத் தேக்கு அறை என்றே சொல்கிறார்கள். சுவரெல்லாம் நம் தேசத்துக் கொடியும் பூவும்! லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் அமைத்துக் கொடுத்த அறை அது. அவர் தேனிலவுக்கு இந்தியா வந்தவர். வந்த இடத்தில் அகமதாபாத் வீடுகளின் மர வேலையைப் பார்த்துச் சொக்கிப் போனார். அந்த ஊர் வர்த்தகர் மகன்பாய் ஹதீசிங்கோடு சேர்ந்து 1881-ல் அங்கே மரச் செதுக்குப் பட்டறை ஒன்றை ஆரம்பித்துவிட்டார். அங்கிருந்து கதவும் பலகையும் நாற்காலியும் கப்பலேறி அமெரிக்கச் சீமான்களின் மாளிகைகளுக்குப் போயின.

டி ஃபாரஸ்ட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஹதீசிங்கின் பெயரும் இருக்கிறது. கார்னகியைச் சொல்லவே வேண்டாம். உளி பிடித்தவர்களின் பெயர்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

அகமதாபாத்துக்குப் போவானேன்? நம் திருநெல்வேலியிலேயே பாருங்களேன். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது. தாமிரத் தகடு வேய்ந்த கூரையைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்த முறை போகும்போது கூரைக்குக் கீழே இருக்கிற மர வேலையைக் கொஞ்சம் பாருங்கள். சங்கிலி மண்டபத்தை 1647-ல் கட்டியவர் வடமலையப்பப் பிள்ளையன் என்று கோயில் வரலாறு சொல்லும். மரத்தைச் செதுக்கியவர் இன்னார் என்று சொல்லும் பலகையை நான் பார்த்ததில்லை. ஆனி மாதம் ஊர் கூடி இழுக்கிற தேரும் அப்படித்தான். தேரின் அடுக்குகளில் எத்தனை எத்தனை சிற்பங்கள்! வடம் பிடித்தவர்கள் பெருமை பேசுவோம். உளி பிடித்தவரைக் கேட்க மாட்டோம்.

சரி, எங்கள் அலமாரிக்கு வருவோம். கரையான் அரித்த அடிப்பலகையை மாற்ற முடியுமா என்று கேட்பதற்காகச் சித்தி ஓர் ஆசாரியை அழைத்து வந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கோயில் வாகனங்கள் செய்கிறவர். சிம்மம், குதிரை, அன்னம் எல்லாம் அவர் கையில் பிறந்தவை. அவர் வியாபாரியைப் போலத் தட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கதவை மெதுவாகத் தூக்கினார். கதவு கையோடு வந்துவிட்டது! கீல் இல்லை, திருகாணி இல்லை. வீட்டு வாசற்கதவுபோல மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஆணியே இல்லை தாயி" என்றார். "பூராவும் துளையும் கழுந்தும்தான். மரத்துக்கு மரம் கவ்விப் பிடிச்சிருக்கு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஆணி அடிச்சா அங்கே வெடிச்சிரும். இது மூச்சு விட்டுக்கிட்டே நிக்கும்."

தூணைக் கழற்றிக் காட்டினார். கழுந்தின் மேல் சின்னதாக மூன்று கோடுகள். அது நுழைகிற துளையின் ஓரத்திலும் அதே மூன்று கோடுகள். எந்தத் தூண் எந்தத் துளைக்கு என்று தச்சர் போட்டுவைத்த அடையாளம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இன்னொரு தச்சருக்கு எழுதிய கடிதம்போல இருந்தது அது.

அப்புறம் கிளிகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். சிரித்தார்.

"இது ஒரு கை இல்லை தாயி, ரெண்டு கை. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்த கிளிகள்தானே என்று பார்த்தேன். வலது கதவுக் கிளியின் இறகு ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வெட்டியது போல ஓடுகிறது. இடது கதவுக் கிளியின் இறகுகள் கொஞ்சம் அழுத்தம். அங்கங்கே உளி தயங்கி நின்ற தடம். வலது கிளி திரும்பிப் பார்க்கிறது. இடது கிளி மாங்கொத்தை விட்டுவிடுவோமோ என்று பயந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

"பெரியவர் ஒண்ணைச் செதுக்கிட்டு, 'இதைப் பார்த்து நீ ஒண்ணு செய்டா'ன்னு பையன்கிட்ட விட்டிருக்கார். எங்கப்பாவும் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்."

வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். வைரம் பாய்ந்த தேக்கைத் தேர்ந்தெடுத்து, அறுத்து, நிழலில் அடுக்கி ஆறப்போட வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் பலகை கோணிக்கொள்ளும். இழைத்த பலகையில் உருவத்தை வரைந்து, முதலில் பின்னணியைத் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் கிளி மேலே எழும்பி நிற்கும். பிறகு பெரிய உளியால் உருட்டு, சின்ன உளியால் இறகு, நகத்தளவு உளியால் கண். கொட்டாப்புளியின் அடி ஒன்று பலமாக விழுந்தால் மூக்கு போச்சு. பத்து நாள் வேலையும் போச்சு. உப்புத்தாள் வராத காலத்தில் பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்குவார்களாம்.

"இதே மாதிரி இன்று செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்றேன்.

"ஆள் துணை இருந்தா நூறு நாள். நான் மட்டும்னா இன்னும் கூட."

வாசகிகளே, நாம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்று அவர் சொன்னார். நூறு நாளுக்கு ஒரு லட்சம். மரத்தின் விலை தனி. பூட்டு, பித்தளை, மெருகு தனி. வியாபாரி கேட்டது நாற்பதாயிரம்! மரத்தை இனாமாகக் கொடுத்து, லட்சுமியை இனாமாகக் கொடுத்து, பெரியவரின் கூலியில் பாதிக்கு மேல் தள்ளுபடியும் செய்து நாங்கள் அதை விற்கப் பார்த்தோம். மாமாவிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாசத்துக்கு மசியாதவர் கணக்குக்கு மசிந்தார்.

ஆனால் கணக்கின் மற்றொரு பக்கம் எனக்குச் சந்தோஷமாக இல்லை. நூறு நாள் கூலி கொடுத்துப் புதிதாக ஓர் அலமாரி செய்யச் சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்? ஆசாரிக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் வளைகுடாவில். இன்னொருவர் ஒட்டுப்பலகையில் சமையலறைத் தட்டுகள் அடிக்கிறார்; நல்ல வருமானம். தேக்குக் கதவில் பூ வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் இயந்திரம் செதுக்கித் தள்ளிவிடுகிறது. "அதுவும் நல்லாத்தான் இருக்கு தாயி, குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ரெண்டு கிளியும் ஒரே கிளிதான்" என்றார்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தன. மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊர் மரச்சாமான் நகரம் என்றே பெயரெடுத்தது. ஆலைகள் ஆயிரக்கணக்கில் அலமாரிகளைச் செய்து குவித்தன. நடுத்தரக் குடும்பங்களுக்கும் அலமாரி கிடைத்தது. அது நன்மைதான். ஆனால் 1911-ல் அந்த ஊர் மரவேலைத் தொழிலாளிகள் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. இன்றைக்கு அங்கே பழைய கைவேலை அலமாரிக்குக் கோடி கொடுக்கிறார்கள். கை இருந்தபோது கூலிக்குப் பேரம். கை போன பிறகு கோடி. நாமும் அதே வழியில் நடக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கை முழுவதும் போய்விடவில்லை என்பதையும் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் இன்றும் தெய்வ உருவங்களும் வாகனங்களும் மரத்தில் பிறக்கின்றன. அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கலைக் கல்லூரியில் கல், உலோகம், சுதையோடு மரச் சிற்பமும் கற்றுத் தருகிறார்கள். கற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்கள்தான் வேண்டும்.

எங்கள் அலமாரி இப்போது பாளையங்கோட்டையில் சித்தி வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. நான்கு குடும்பமும் பழுதுபார்க்கும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டோம். பதினெட்டு நாள் வேலை. ஆணியில்லாமல் கழற்றி, வண்டியில் ஏற்றி, கோடு பார்த்துக் கோடு சேர்த்துப் பூட்டினார் ஆசாரி. அடிப்பலகை புதிது. ஒரு யாளிப் பாதமும் புதிது. பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் காண உங்களால் முடிந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ்! மைனியும் வந்து பார்த்தாள். கதவைத் திறந்து மணத்தை இழுத்துவிட்டு, "கரையான் மருந்து அடித்தாயிற்றல்லவா?" என்று கேட்டாள். அடித்தாயிற்று.

வேலை முடிந்த அன்று சித்தி ஒரு காரியம் செய்தாள். "ஆசாரியாரே, கதவுக்கு உள்பக்கம் உங்க பேரை எழுதுங்க" என்றாள். அவர் கூச்சப்பட்டார். "செஞ்சவர் பேரே இல்லை, ஒட்டுப் போட்டவன் பேர் எதுக்கு?" என்றார். சித்தி விடவில்லை. கடைசியில் பிள்ளையார் சுழி போட்டு, தம் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் சின்ன உளியால் வெட்டினார்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். செதுக்கிய கதவு, ஊஞ்சல் பலகை, பூஜை மண்டபம், அஞ்சறைப் பெட்டியாவது இருக்கும். அதைச் செய்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களை இன்றே கேளுங்கள். அவர்கள் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு, இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணுக்குச் சீர் செய்கிறபோது, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், கையால் செதுக்கிய சின்னப் பெட்டி ஒன்றாவது வையுங்கள். பத்து நாள் வேலையாவது ஒருவருக்குக் கிடைக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கிளியைச் செதுக்கிப் பழக ஒரு பையனும் கிடைக்கலாம்.